அந்த மூன்று மணித்தியாலம்

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"மெடம், நாலாந்தரம் கேக்கிறீங்க," என்றார் வேன் ஓட்டி வந்த காத்தான்குடி இப்றாஹிம். "பனிச்சங்கேணிப் பாலம் இப்பதானே தாண்டினம். கதிரவெளி எங்கயும் ஓடிப் போகாது."

பேராசிரியர் சுலோஜனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடிக்கணினியில் அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டார்.

போன சுனாமி நினைவு நாளில் யாரோ எடுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முன்னால் கண்ணகை நின்று பேசுகிறாள்.

"முதல்ல கடல் உள்ளுக்குப் போச்சு. மீன் துடிக்குது எண்டு பாக்கப் போயிராதீங்க. பிறகு கறுப்பா எழும்பி வந்திச்சு..."

ஒரு நிமிடம்கூட விடாமல் சொல்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன் இதே கண்ணகைதான், "காலைல அடுப்பு மூட்டினது தெரியும். பிறகு ஆக்கள் தூக்கிட்டுப் போனது தெரியும். நடுவில ஒண்டும் தெரியா" என்று சுலோஜனாவிடம் சொன்னவள்.

தலையில் ஒரு கீறல்கூட இல்லாமல் மூன்று மணித்தியாலம் மறந்துபோன பெண்! தாங்க முடியாததை மூளை தானே அழித்துவிடும் என்று சுலோஜனா எழுதிய கட்டுரைக்கு அவள்தான் அத்திவாரம். நானூறு ஆய்வுகள் அதை மேற்கோள் காட்டிவிட்டன. மெல்பேர்னில் பேராசிரியர் பதவி, விருது, சொந்த ஆய்வுகூடம் எல்லாம் அதன் மேல் எழும்பியவை. வீடியோவை அனுப்பியவரோ போட்டி ஆய்வாளர். 'உங்கள் பெண் நன்றாகத்தானே பேசுகிறாள்?' என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்.

இடையில் ஒருமுறை வந்து பார்த்திருந்தால் அப்போதே பிடிபட்டிருப்பாள். எங்கே வருவது? சண்டையில் பாதை மூடி, ஊர்ச்சனம் முகாம் முகாமாக அலைந்து, போன வருடம்தானே எல்லாம் ஓய்ந்தது.

சுலோஜனாவின் அம்மாவையும் இந்தக் கடல்தான் கொண்டுபோனது. கதிரவெளியில் தன் தமக்கை வீட்டுக்கு வந்தவர், காய்ச்சலுக்குக் குளிசை போட்டுப் படுத்திருந்தாராம். நித்திரையிலேயே, ஒன்றும் தெரியாமல் போயிருப்பார் என்றார்கள். அந்த ஒரு ஆறுதலில்தான் சுலோஜனா எழும்பி நடமாடினார்.

கண்ணகை முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டொக்டர்! இரிங்க."

சுலோஜனா அமரவில்லை. "அக்கா, அந்த ஞாபகம் எப்ப திரும்பி வந்தது?"

"அது போகவேயில்லையே."

"அப்ப எனக்குச் சொன்னது பொய்?"

"ஓம்."

கூசாமல் வந்த அந்த 'ஓம்' கேட்டதும் சுலோஜனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கட ஒரு சொல்லை நம்பி நானூறு பேர் எழுதியிருக்காங்க! இனி நான் எந்த முகத்தோட போய் நிப்பன்? எதுக்கு இந்தப் பொய்? நிவாரணத்துக்கா? வெள்ளைக்காரர் வந்து படம் எடுப்பாங்க எண்டா?"

கண்ணகை கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அண்டைக்கு நீங்க வந்து இருந்ததும், ஆர்ர மகள், என்ன குடி எண்டு நான் கேட்டன்."

கேட்டாள்தான். ஆய்வுக்கு உட்படுகிறவரிடம் நம் சொந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்று மாணவர்களுக்குப் படிப்பிக்கிறவர் சுலோஜனா. ஆனால் மட்டக்களப்பில் தாய்வழிக் குடி கேட்டுப் பதில் வராவிட்டால் யார் வாயைத் திறப்பார்கள்? குடியைச் சொன்னார். சீதேவிப்பிள்ளை ரீச்சரின் மகள் என்றார். சொல்ல வந்த இடத்தில், அம்மா போன கதையும் வந்துவிட்டது.

"அம்மா நித்திரையில போயிட்டா, ஒண்டும் தெரியாமப் போயிட்டா எண்டு சொல்லிச் சொல்லி அழுதீங்க. கண்ணைத் துடைச்சிட்டுப் பேனையை எடுத்து, நீங்க என்ன கண்டீங்க எண்டு என்னைக் கேட்டா... நான் என்னத்தைச் சொல்ல?"

சுலோஜனா பக்கத்தில் கிடந்த வாங்கில் அமர்ந்தார்.

"அம்மாவைக் கண்டீங்களா?"

கண்ணகை உரித்த இறாலை மூடி வைத்தாள்.

"சொல்லுங்க அக்கா. கட்டுரை கிடக்கட்டும். எனக்குச் சொல்லுங்க."

"ஒரே தென்னையைத்தான் ரெண்டு பேரும் பிடிச்சிருந்தம். கனநேரம். அவட கண்ணெல்லாம் சேறு, ஒண்டும் தெரியல்ல. உங்கட பேரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தா. கை விடப்போற நேரம் என்ர கையைத் தடவிப் பாத்து, 'சுலோ, வந்திட்டியா?' எண்டு கேட்டா."

சுலோஜனா வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணகை அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"உங்களுக்குச் சொன்னது ரெண்டாவது பொய் புள்ள. முதல் பொய் அவக்குச் சொன்னது. 'ஓம் அம்மா, வந்திட்டன்' எண்டு சொன்னன்."