ஆள் பத்தாத படம்

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

மற்றவர்கள் எழுந்து பதாகைக்குக் கீழே நகரத் தொடங்கியிருந்தார்கள். 'பகுதி சபை – மக்கள் கருத்துக் கேட்பு' என்று போட்டிருந்தது. உயரமானவர்கள் பின்னால். குள்ளமானவர்கள் முன்னால்.

எல்லாக் கூட்டமும் இப்படித்தான். முதலில் போட்டோ. போட்டோ முடிந்ததும் டீ, வடை. வடை தீர்ந்தால் கூட்டம் தீர்ந்தது.

போன முறை அவள் முன்வரிசையில் நின்றாள். பல் தெரியச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு இப்போது தெருமுனையில் தொங்குகிறது. பெண்கள் கழிப்பறைச் சுவரில், ஆளுயரத்துக்கு. 'மக்கள் ஒப்புதலுடன் இவ்விடத்தில் விரைவில் வாகன நிறுத்தம்.'

திங்கட்கிழமை இடிக்கிறார்கள்.

அந்தத் தெருவில் வீடு என்பது ஒற்றை அறை. அடுப்பும் அதிலேதான், படுக்கையும் அதிலேதான்.

"என்னக்கா, கால் வலியா?" என்றார் கவுன்சிலர். அவளுக்குத் தம்பி வயது. "வாங்க. உங்களுக்குத்தான் நடுவுல எடம் விட்டுருக்கோம்."

"காலு நல்லாத்தான் இருக்கு தம்பி. மொதல்ல கக்கூஸப் பத்திப் பேசுவோம்."

யாரோ சிரித்தார்கள்.

கவுன்சிலர் குரலைத் தணித்தார். "போட்டோவ நெட்டுல ஏத்துனாத்தான்க்கா கூட்டம் நடந்துச்சுன்னு மேல ஒத்துக்கிருவாங்க. ரெண்டே நிமிசம்."

"அது தெரிஞ்சுதான் உக்காந்துருக்கேன்."



முன்வரிசையிலிருந்து பஞ்சவர்ணம் விலகி வந்தாள். குழாயடியில் குடத்தை நகர்த்திய தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று மாதக்கணக்காகிறது.

பக்கத்து நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"இந்தச் சிரிப்பழகிக்காக ஒண்ணும் வரல. திங்கக்கெழம காலையில நான் எங்க போவேன்?"

அடுத்து ஒருத்தி வந்தாள். பிறகு அவள் மாமியார். பிறகு நாற்காலிகள் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்தினார்.

"சார், ஆள் பத்தாது."

பதாகைக்குக் கீழே கவுன்சிலரும் மாநகராட்சிப் பொறியாளரும் நின்றிருந்தார்கள். இரண்டு ஆண்கள், அவர்களைச் சுற்றி நிறைய இடம்.

பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். "அந்தம்மாகிட்ட மைக்கக் குடுங்கப்பா" என்றார்.

மைக்குக்கு இணைப்பே கொடுத்திருக்கவில்லை. யாராவது பேசுவார்கள் என்று மைக்செட்காரர் எதிர்பார்க்கவில்லை. வயரைத் தேடி ஓடினார். யாரும் எழுந்துபோகவில்லை.

மைக் அவள் கைக்கு வந்தது.

சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். பஞ்சவர்ணம் கேட்ட கேள்வி அதில் இல்லை.

ஓரடி தள்ளியிருந்த நாற்காலியின் பக்கம் மைக்கை நீட்டினாள்.

பஞ்சவர்ணம் அதைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருங்க தம்பி," என்றாள் கவுன்சிலரிடம். "நேரமாகும்."