ஏன்டா எஸ்கேப் பண்ணல?

“ஏன்டா எஸ்கேப் பண்ணல? வாயைத் தொறந்து சொல்லுடா!”

பெரியவர் புரோகிராமரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கண்ணாடித் தடுப்பில் மோதினார். தடுப்பு நொறுங்கி விழுந்தது. ஓடாமல் நிற்கிறவனைப் பார்த்து ஏன் எஸ்கேப் ஆகவில்லை என்று கேட்டு அடிக்கிற ஆளை மேனேஜரம்மா இப்போதுதான் பார்க்கிறாள்.

புரோகிராமர் ஆறடி ஆள். ஒரு தள்ளு தள்ளினால் பெரியவர் வாசலில் போய் விழுவார். ஆனால் அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. சற்றுமுன் அவர் கதவைத் திறந்தபோது, சினிமா நடிகரைப் பார்த்தவன் போல முகமெல்லாம் பல்லாக எழுந்து நின்றவன் அவன்.

“யார் சார் நீங்க? விடுங்க அவனை!” குறுக்கே பாய்ந்த அவளுக்கும் முழங்கையால் ஒரு இடி விழுந்தது.

“மூஞ்செல்லாம் கத்திக் கிழிசலோட ஆஸ்பத்திரில கிடக்காளே ஒரு பொண்ணு... அவளைப் பெத்த அப்பன்மா நான்!”

எந்தப் பெண் என்று மேனேஜரம்மாவுக்குத் தெரியும். புருஷனின் அடிக்குப் பயந்து ஒளிந்து வாழும் பெண்கள் பேசிக்கொள்ள இவர்கள் செய்துகொடுத்த வெப்சைட் அது. இவர் மகளின் புருஷன் அதில் பெண் பெயரில் புகுந்து ஒரு கமென்ட் போட்டான். வெறும் எழுத்தாகத் தெரியவேண்டிய கமென்ட், கட்டளையாக ஓடி, படித்தவளின் முகவரியை அவனிடம் சேர்த்துவிட்டது.

“எவனோ எழுதினதைக் காட்டுறதுக்கு முன்னாடி எஸ்கேப் பண்ணி, வெறும் எழுத்தா ஆக்கணும். அதுகூடவாடா தெரியாது உனக்கு?”

மேசையிலிருந்த கீபோர்டைப் பிடுங்கி அவன் முகத்தில் இறக்கினார். எழுத்துக் கட்டைகள் தெறித்தன. உதடு கிழிந்தது.

“தெரியும் ஐயா. எல்லா இடத்துலயும் பண்ணேன். அந்த ஒரு இடம் விட்டுப்போச்சு.”

“விட்டுப்போச்சா? என் பொண்ணு கண்ணு போயிருக்கும்டா!”

“மனுஷன் என்னைக்காவது மறப்பான் ஐயா. நாங்க புரோகிராம் எழுதுற மொழியே அதைத் தானா பண்ணியிருந்தா மறக்க வழியே இல்ல. சேருங்கன்னு எத்தனையோ பேர் கெஞ்சினோம். தேவையில்லைன்னு தள்ளிட்டாங்க.”

பெரியவர் கீபோர்டை மறுபடி ஓங்கினார்.

“எவன்டா தள்ளினது? அப்ப என் பொண்ணைக் கிழிச்சதுல அவனுக்கும் பங்கு இருக்கு. எவன் பண்ண மொழிடா அது? சொல்லு, அவன் மண்டையையும் பொளக்கிறேன்!”

புரோகிராமர் புறங்கையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அந்த மொழி நீங்க பண்ணதுதான் ஐயா.”