இருக்கறத வச்சுப் பண்ணு

பதினோரு மணிக்குக் கோர்ட்டில் இருக்க வேண்டிய ஜீப், எட்டரை மணிக்குக் காவல் நிலைய வாசலில் இருமிக்கொண்டிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் சுப்பராயன் ஸ்டார்ட்டரை அழுத்தினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பின்சீட்டில் ஒரு கோணிச் சாக்கு. கல் குவாரி முதலாளி கோபாலின் ஜீப்பிலிருந்து திருடு போன சாமான்கள் அதற்குள் இருந்தன: கார்புரேட்டர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப். திருடிய நாகப்பன் லாக்கப்பில் இருந்தான்.

அந்தப் போலீஸ் ஜீப்பை மேலிடம் மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நிலையங்களில் சாமான் மாறிப்போகிறது என்று புகார் வந்தபோது, பானெட்டுக்குள் இருக்கும் ஒவ்வொன்றிலும் வண்டி எண்ணை வெள்ளைப் பெயிண்டில் எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. எழுதியாயிற்று. வண்டி ஓட வேண்டும் என்று உத்தரவு எதுவும் வரவில்லை.

"பேட்டரி நல்லாதான் கீது ஐயா," என்றான் நாகப்பன், கம்பிக்குப் பின்னாலிருந்து. "கரண்டும் சரியா வர்ல, பெட்ரோலும் சரியா வர்ல."

"உன்னை யார்றா கேட்டா?"

"சும்மா அழுத்திக்கினே இருந்தா பேட்டரியும் பூடும்."

கைதியோடும் மூட்டையோடும் பஸ்ஸில் போய்க் கோர்ட் வாசலில் இறங்குவதைச் சுப்பராயன் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். வக்கீல்கள் எல்லாம் வெளியேதான் நிற்பார்கள்.

"ஏட்டு, அவனை வெளியே விடு."

ஏட்டு கோதண்டம் லாக்கப் சாவியை மெதுவாக எடுத்தார். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். முன்பு ஒரு முறை, சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு கைதி அவர் கையை உதறிவிட்டு ஓடியதில் அவருக்கு ஆறு மாதம் சஸ்பென்ஷன். அந்த ஆறு மாதமும் மனைவி மரகதம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன ஆடியில் அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான், கேட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. இன்னொருவன் ஓடினால் பென்ஷனும் கூடவே ஓடிவிடும்.

"ஓடிட மாட்டியே?"

"எங்க ஏட்டையா ஓடறது? வண்டியே ஓடல."

கோதண்டம் சிரிக்கவில்லை. கிணற்றுக் கயிற்றை அவன் கணுக்காலில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, முன்சக்கரத்தின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

நாகப்பன் பிளக் ஒயரை இழுத்துப் பிடித்து ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னான். "பொறி செவப்பா வருது பாருங்க. நீலமா வரணும். டிஸ்ட்ரிபியூட்டர்ல பாயிண்ட் கருகிக் கீது. கார்புரேட்டர்ல ஒரே கசடு. மாத்திட்டா நல்லது ஐயா."

"மாத்தறதுக்கு எழுதிப் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு," என்றார் சுப்பராயன். "பைசா கிடையாது. இருக்கறத வச்சுப் பண்ணு." உள்ளே போய்விட்டார்.

"என் ஸ்பேனருங்கள்லாம் அந்தச் சாக்குலதான் கீது, ஏட்டையா."

கோதண்டமே சாக்கை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, மட்கார்டின் மேல் வைத்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டிய காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வலது கால் கொஞ்சம் முன்னால் வந்தால் கயிற்றை இழுத்தார். குதிகால் உயர்ந்தால் எழுந்து நின்றார். மேலே ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒன்றரை மணி நேரத்தில் பானெட் மூடியது. சாக்கைக் கட்டிப் பின்சீட்டில் போட்டார்கள். ஜீப் ஒரே அழுத்தில் பிடித்துக்கொண்டது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும். கயித்த அவுருங்க."

கோதண்டம் அவிழ்த்துவிட்டு, அவன் பக்கத்தில் ஏறி உட்காரப் போவதற்குள் ஜீப் கேட்டைத் தாண்டிவிட்டது. பெங்களூர் ரோட்டில் மேற்கே திரும்பி, புழுதியோடு மறைந்தது. கோதண்டம் தொப்பி விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினார். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார். மரகதம் இந்தக் கோலத்தைப் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

எதிரே ஜீப் திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றது.

"பிரேக் பாத்தேன். அதுவும் நல்லாதான் கீது. குந்துங்க."

கோர்ட்டுக்குப் போகும் வழியெல்லாம் சுப்பராயன் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார். "இந்த வண்டி இப்படி இழுத்து நான் பார்த்ததே இல்லை. இவன் மட்டும் ஒழுங்கா இருந்தா எங்கேயோ போயிருப்பான்." கோதண்டம் தலையாட்டினார். அவன் எங்கேயும் போகாததே அவருக்குப் போதும்.

கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் முன்னால் சாக்கைக் கொட்டினார்கள். கோபால் கார்புரேட்டரை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது என்னுது இல்லீங்க, எசமான். என்னுது தீபாவளிக்குப் புதுசா வாங்கிப் போட்டது. இத பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான்."

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காயிலைத் திருப்பினார். "வெள்ளை பெயிண்ட்ல என்னமோ எழுதியிருக்கே. நாலு, நாலு, ஒண்ணு, ஏழு. இது எந்த வண்டி நம்பர்?"

சுப்பராயன் கூரையைப் பார்த்தார்.

"சாக்கு யார் பொறுப்பிலே இருந்தது?"

"என் பொறுப்புலதாங்க, எசமான். காலைல இவன் நம்ம ஜீப்ப ரிப்பேர் பாத்தப்பகூட நான் பக்கத்துலயே இருந்தேனுங்க," என்றார் கோதண்டம்.

"இவன் ரிப்பேர் பார்த்தபோது நீர் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்?"

"அவன் காலைப் பாத்துக்கினு இருந்தேனுங்க. ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்கல."

"கையை?"

கோதண்டம் அப்போதுதான் நாகப்பனின் கையைப் பார்த்தார். நான்கு மாதம், பென்ஷன், முப்பது வருஷத்துக் காக்கிச் சட்டை எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொங்கின.

"ஏட்டையா மேல தப்பு இல்லீங்க, எசமான்," என்று நாகப்பன் கும்பிட்டான். "இருக்கறத வச்சுப் பண்ணுன்னு எஸ்.ஐ. ஐயாதான் சொன்னாரு, இருந்ததுல புதுசு போலீஸ் ஜீப்புக்குப் போச்சு, பழசு சாக்குக்கு வந்துச்சு."