மூக்குள்ள கதவு

ஐசியூ கதவுக்கு மூக்கு இருந்தது. வருபவரின் உடையில் பூஞ்சை ஒட்டியிருந்தால் அது திறக்காது. மழைக்கு ஒழுகும் வீட்டிலிருந்து வந்த சகாயமேரிக்கு அது ஒருநாளும் திறக்கவில்லை. எவ்வளவு துவைத்துக் கட்டினாலும் ஈரச் சுவரோரம் உலர்ந்த சேலைதானே.

"அவரு கையையாவது ஒருதடவ தொட்டுட்டு வந்துடுறேன் சிஸ்டர்" என்று அவள் கெஞ்சியபோது நர்ஸ் கலாவதிக்கு மனசு கேட்கவில்லை. தன் சாவியால் கதவைத் திறந்துவிட்டாள். வென்டிலேட்டரில் கிடந்த கணவரின் வாயோரம் வழிந்ததைச் சகாயமேரி முந்தானையால் துடைத்தாள்.

மறுவாரம் நுரையீரலெங்கும் பூஞ்சை படர்ந்து அவர் இறந்துபோனார். அது எங்கிருந்து வந்தது என்பதைக் கதவே சொல்லிவிட்டது. சகாயமேரியின் சேலையில் தினமும் முகர்ந்து தடுத்த அதே பூஞ்சை. அதை அவளிடம் சொல்லும் பொறுப்பு கலாவதிக்கு.

"எங்கருந்து வந்துச்சாம் சிஸ்டர்?"

கலாவதி தரையைப் பார்த்தாள். "இங்க ஏசியிலருந்துதாம்மா."

"நீங்களாவது அன்னிக்கு உள்ள விட்டீங்களே. இல்லன்னா கடைசியா தொட்டுக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

கலாவதியின் கண்கள் நிறைந்துவிட்டன. சகாயமேரி அருகில் வந்து, அதே முந்தானையால் துடைத்துவிட்டாள்.