இருபது நிமிஷப் பரீட்சை

“புள்ளத்தாச்சி இருக்காங்க, வழி விடுங்கப்பா! ஒம்பதாம் மாசம்!”

ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டித் தியோடர் கத்திய கத்தலில் பெங்களூர் சிவாஜிநகரே ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனிக்கப் போய்விட்டது.

“எட்டு நிமிஷம் முடிஞ்சுது மாப்ள,” என்றார் பக்கத்தில் இருந்த மாமனார் ஆம்ப்ரோஸ். ஜோலார்பேட்டையில் முப்பத்தைந்து வருஷம் ரயில்வே கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். கையில் கடிகாரம், மடியில் மகள் ஐரினின் பை.

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இன்றைக்கு நடப்பது மாப்பிள்ளைக்குப் பரீட்சை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று மகளைக் கூட்டிப்போக வந்திருந்தார் ஆம்ப்ரோஸ். “நானே பாத்துக்கறேன் மாமா” என்று தியோடர் காலில் விழாத குறையாகக் கெஞ்ச, மனுஷன் ஒரு நிபந்தனை போட்டார். பிரேசர் டவுன் வீட்டிலிருந்து இருபது நிமிஷத்துக்குள் ஆஸ்பத்திரி வாசல். பிந்தினால் சாயங்கால வண்டியில் ஐரின் ஜோலார்பேட்டை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாகப் போய்த்தான் சொந்தப் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

தியோடர் தயாராகாமல் இல்லை. இரண்டு மாதமாக நோட்டுப் போட்டுப் படித்தவன். ரத்தம் கொடுக்க ஆபீஸில் இரண்டு பேர், ஆஸ்பத்திரி ஃபைலுக்கு இரண்டு நகல். மூச்சை எப்படி இழுத்து விடுவதென்று ஐரினுக்குச் சொல்லிக்கொடுத்ததில் அவனுடைய பழைய சளியே சரியாகிவிட்டது.

ஒத்திகை மட்டும் ஆறு. ஐந்தாவதில் ஐரின் விளையாட்டாக ஒரு “அய்யோ அம்மா” போட, அவன் ஆட்டோவிலேயே மயங்கிச் சரிந்தான். சோடா தெளித்து எழுப்பப் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷத்தையும் நேர்மையாக நோட்டில் குறித்து வைத்திருந்தான்.

மாதா கோயில் கொடியேற்றம் இன்றைக்குத்தான் என்பது மட்டும் நோட்டில் இல்லை. முன்னால் மாதாவுக்கு நேர்ந்து காவி உடுத்தியவர்களின் ஊர்வலம், பின்னால் மூன்று பஸ்.

“அம்மா கொஞ்சம் சவுண்டு குடுத்தா வழி கெடைக்கும் சார்,” என்றான் டிரைவர் பச்சைமுத்து.

தியோடர் மனைவியின் காதருகே குனிந்தான். “ஐரின், சும்மா ஒரு முனகல் முனகேன். அன்னிக்கு எப்படிக் கத்தின!”

ஐரின் ஒரு கையால் ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கை அவன் மணிக்கட்டில் நகம் பதிய அழுத்தியது. விட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழுத்தியது.

கோபம்தான், வேறென்ன. அவளுக்கும் அம்மா வீட்டுக்குப் போகத்தான் ஆசை போலிருக்கிறது. தியோடர் இன்னும் நெருங்கிக் குனிந்தான்.

“உனக்கு ஊருக்குப் போகணுமா? நெஜத்தைச் சொல்லு.”

“பேசாம வாங்க,” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் குதித்து இறங்கினான். கூட்டத்துக்குள் புகுந்து கும்பிட்டான், கெஞ்சினான், ஆட்டோவைப் பின்னாலிருந்து தள்ளினான். மாதாவுக்கு நூறு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டான். ஊர்வலமும் அவளுடையதுதான் என்பது ஞாபகம் வர, இருநூறாக்கினான்.

“பதினெட்டு,” என்றது உள்ளேயிருந்து கார்டு குரல். அப்புறம், “இருபது.”

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றபோது முப்பத்தொன்று. சட்டை நனைந்து, ஒரு செருப்பைப் பறிகொடுத்து, தியோடர் தூணில் சாய்ந்தான். கண்ணிலிருந்து வழிந்ததை வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம்.

“ஊர்வலத்துல நின்ன நேரத்தைக் கழிச்சா மாமா...”

“வண்டி லேட்டுன்னா லேட்டுதான் மாப்ள. காரணம் கேக்கறது வேற டிபார்ட்மென்ட்.”

சொன்னாரே தவிர, அவருக்கும் குரல் இறங்கிவிட்டிருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “இதே ஆட்டோவுல ஸ்டேஷன் போயிடலாம்மா. ரயிலுக்கு நேரமிருக்கு.”

ஐரின் கம்பியை விட்டு மெல்ல இறங்கினாள். நெற்றியைத் துடைத்தாள். தூணில் சாய்ந்திருந்தவனை ஒருமுறை பார்த்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

“வலி வீட்லயே ஆரம்பிச்சாச்சுப்பா. ஸ்ட்ரெச்சர் கொண்டாரச் சொல்லுங்க... இவருக்கும் சேத்து ரெண்டு.”