பெயர் கேட்கும் கதவு

மாறவேள் பிரபுவின் கோட்டைக் கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது, சாவியும் கிடையாது. வெளியே நிற்பவரின் பெயரைப் பிரபு தம் வாயால் சொன்னால்தான் அது திறக்கும். முப்பது வருடங்களுக்கு முன் ஒரு வேட்டை வல்லூறுக்காகச் சண்டை போட்டுத் தம்பியை அவர் விரட்டிவிட்டார். அவன் பெயரைச் சொல்பவரின் நாக்கை அறுக்கச் சொல்லி அன்றே உத்தரவும் போட்டார். ஏடுகளிலிருந்துகூட அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்தார்கள்.

இன்று அந்தத் தம்பி மழையில் நனைந்தபடி வாசலில் வந்து நின்றான்.

"சாகறதுக்குள்ள உன்னை ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேண்ணா." இருமல் மீதிப் பேச்சை விழுங்கியது.

பிரபு கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். தம்பியின் பெயர் நினைவுக்கு வரவில்லை. வல்லூறுக்கு வைத்த பெயர் மட்டும் நன்றாக நினைவிருந்தது. அதைச் சொல்லிப் பார்த்தார். கதவு அசையவில்லை. அரண்மனைக் கிழவர்களைக் கூப்பிட்டுக் கெஞ்சினார். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் கதவிடுக்கில் வாயை வைத்து, "உன் பேர் என்னடா தம்பி?" என்று கேட்டார்.

வெளியே மழையோடு மறுபடியும் இருமல் கேட்டது.

"அந்தப் பேரச் சொல்லி யாருமே கூப்பிடலியேண்ணா," என்றது வெளியிலிருந்து குரல். "எனக்கும் மறந்துபோச்சு."