தாங்குவான்

முதலில் அடித்தவன் கை ஓய்ந்து ஒதுங்கியதும், லாரிமர் மழையில் நடந்துபோய் கம்பத்தில் கட்டியிருந்த சைலஸின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

அவர் அந்த ஆங்கிலேயப் படைப்பிரிவின் வைத்தியர். வெட்டுவதும் தைப்பதும் போக இதுவும் அவர் வேலைதான். சவுக்கடி படுகிறவன் இன்னும் தாங்குவானா மாட்டானா என்று அவர்தான் சொல்லவேண்டும்.

சைலஸும் அவன் தம்பி ஜோபும் முகாமை விட்டு ஓடி, ஏதோ ஒரு ஃபிளாண்டர்ஸ் கிராமத்து வைக்கோல் போரில் பிடிபட்டவர்கள். அண்ணனுக்கு முடிந்ததும் தம்பிக்கு. சட்டையைக் கழற்றி, இரண்டு காவலர்களுக்கு நடுவே ஜோபைப் பார்க்கவைத்திருந்தார்கள்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுப் பீரங்கிகள் விடிந்ததிலிருந்து முழங்கிக்கொண்டிருந்தன. புறப்படும் உத்தரவு எந்நேரமும் வரலாம். அதற்குள் இரண்டு பேரையும் முடித்துவிட மேஜருக்கு அவசரம்.

சைலஸின் தலை மார்பில் தொங்கியது.

“என்ன டாக்டர், மயங்கிட்டானா? அவிழ்த்துட்டு அடுத்தவனைக் கட்டச் சொல்லட்டா?”

லாரிமர் ஜோபைப் பார்த்தார். மீசைகூட சரியாக முளைக்காத முகம்.

“மயக்கமெல்லாம் இல்ல மேஜர். நடிக்கிறான். தாங்குவான், அடிக்கச் சொல்லுங்க.”

பார்த்து நின்ற சிப்பாய்களின் அணிக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

சவுக்கு கைமாறியது. மறுபடி மணிக்கட்டு, மறுபடி அதே சொல். மழை முதுகைக் கழுவிக்கொண்டே இருந்தது.

“கசாப்புக்காரன்!” என்று பின்வரிசையில் யாரோ ஒருவன் கத்தினான். யாரென்று மேஜர் விசாரிக்கவில்லை.

ஒருவழியாகப் புறப்பாட்டு முரசு அதிர்ந்தது.

ஜோபின் கையில் சட்டையையும் துப்பாக்கியையும் திணித்து வரிசைக்குள் தள்ளினார்கள். அண்ணன் பக்கம் போக விடவில்லை. அவன் செத்துப்போன சேதி நடக்கிற வழியில்தான் தெரிந்தது.

சண்டை மத்தியானத்துக்குமேல் மூண்டது. காயம்பட்டவர்களைத் தேவாலயத்தில் கொண்டுவந்து போட்டார்கள். லாரிமருக்கு அன்று எந்த மணிக்கட்டைப் பிடித்தாலும் முதலில் துடிப்பே தெரியவில்லை. அலறுகிறவனிடம்கூடத் தெரியவில்லை.

சாயங்காலம் ஜோபைத் தூக்கிவந்து மேசையில் கிடத்தினார்கள். குண்டு பாய்ந்து முழங்கை நொறுங்கியிருந்தது. கையை வெட்டினால்தான் பிழைப்பான்.

லாரிமரைக் கண்டதும் அவன் எட்டி உதைத்தான். “செத்தாலும் சரி, இவன் கை என்மேல படக்கூடாது!”

இப்படித் திமிறுகிறவர்களை நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதுதான் வழக்கம். லாரிமர் அந்த நாலு பேரையும் வெளியே போகச் சொன்னார். பிறகு அவன் காதருகே குனிந்தார்.

“நான் முதல்தடவை பிடிச்சுப் பார்த்தப்பவே உங்கண்ணனுக்கு நாடி இல்ல, ஜோப். அதைச் சொல்லியிருந்தா அப்பவே உன்னைக் கட்டியிருப்பாங்க.”

ஜோபின் கால்கள் அடங்கின. கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு, நொறுங்கித் தொங்கிய கையைத் தானே நகர்த்தி மேசையோரத்தில் வைத்தான்.

“அதுக்கப்புறம் அவன் கத்தவே இல்ல” என்றான். “என்னா நெஞ்சழுத்தம்டா எங்கண்ணனுக்குன்னு, பெருமையா பார்த்துக்கிட்டு நின்னேன், டாக்டர்.”